ஒரு கோலில் ஜெயித்த நாளும் ஒரு கோலில் தோற்ற நாளும்

தோற்ற அணியைத் திட்டுவது சுலபம். ஜெயித்த அணியைத் திட்டுவதற்குத்தான் ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். அதிலும் கடைசி நேரத்தில், தட்டுத்தடுமாறி, ஒரே ஒரு கோலில் ஜெயித்த அணியைப் பற்றி ரசிகர்கள் பேச ஆரம்பித்துவிட்டால் அந்தப் பேச்சு லேசில் முடியாது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 30 அன்று இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அயர்லாந்தை அப்படித்தான் ஜெயித்தது. 1-0. அந்த ஒரு கோலும் 57ஆவது நிமிடத்தில் வந்தது. அடித்தவர் நவ்நீத் கௌர். ஆட்டமே அறுபது நிமிடம்தான். அதற்கு முன் நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4 என்று வரிசையாக மூன்று தோல்விகள். மூன்று ஆட்டத்தில் வாங்கிய கோல் பதினொன்று, போட்ட கோல் இரண்டு. அயர்லாந்தோடு பெனால்டி கார்னர் பத்துக்கு மேல் கிடைத்தும் ஒன்றைக்கூட உள்ளே அனுப்ப முடியவில்லை.

நாங்கள் ஏழெட்டுப் பேர். தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் வன்கொடுமை வழக்குகளுக்காகக் காவல் நிலையத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைகிறவர்கள். மனு எழுதுவதும், எழுதி முடித்ததும் எதையாவது பற்றி மல்லுக்கட்டுவதும் எங்கள் வழக்கம். அந்த வருஷம் சாரல் நன்றாக இருந்தும் கொரோனாத் தடையால் குற்றாலத்தில் குளிக்க அனுமதி இல்லை. மெயினருவியும் ஐந்தருவியும் ஆளில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. ஆகையால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைதான் எங்களுக்கு எல்லாம். அன்று அங்கே இருந்த அத்தனை பேரும் ஹாக்கிப் பயிற்சியாளர் ஆகிவிட்டார்கள்.

"ஏல, இத்தன கார்னர் கெடச்சிருக்கு. ஒண்ணாவது உள்ள போச்சா?"

"ஃபார்வர்டு லைனையே மாத்தணும்வே. அந்த வந்தனாவ ஒரு மேட்ச் வெளிய உக்கார வைக்கணும்."

எங்களில் ஒரு தங்கச்சி பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடியவள். செயற்கைப் புல்தரையில் ஆட வேண்டுமென்றால் சங்கரன்கோவில் வழியாகக் கோவில்பட்டிக்கு பஸ் ஏற வேண்டும் என்பதாலேயே ஆட்டத்தை விட்டவள். அவள் சொன்னாள்:

"அண்ணே, கார்னருன்னா ஒருத்தி வேலையா? ஒருத்தி பின்கோட்டுல இருந்து தள்ளணும், ஒருத்தி நிறுத்தணும், ஒருத்தி அடிக்கணும். கோலுக்கிட்ட ஒருத்தி நின்னு மட்டைய நீட்டித் திருப்பிவிடணும். நேரா அடிச்சா எதுத்து ஓடி வர்றவங்க மேலதான் படும். திருப்பிவிட ஆளு வேணும். வந்தனாவ உக்கார வச்சா திருப்புறது யாரு?"

ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. நடுக்களத்திலிருந்து பந்தே வரவில்லை என்றார். இன்னொருவர் கேப்டன் ராணி ராம்பாலின் முதுகுவலியைப் பற்றி ஆரம்பித்தார். அந்தப் பேச்சில் ஒரு சுகம் இருந்தது. யார் எந்த ஊர், யார் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. வந்தனா கடாரியா நல்லா ஆடவில்லை என்று சொன்னவரும், ஆடினார் என்று சொன்னவரும் ஆட்டத்தைத்தான் பேசினார்கள்.

மறுநாள் காலையில் தென்னாப்பிரிக்காவோடு ஆட்டம். ஜெயித்தே ஆக வேண்டும். இந்தியா ஒரு கோல் போட, அவர்கள் ஒன்று போட, 1-1, 2-2, 3-3 என்று இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் 4-3. அந்த நான்கில் மூன்று கோல் வந்தனாவுடையது. 4ஆவது, 17ஆவது, 49ஆவது நிமிடங்கள். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் போட்ட முதல் இந்தியப் பெண் அவர்தான். அதிலும் கார்னரில் அடுத்தவர் அடித்த பந்துக்கு மட்டையைக் கொடுத்துத் திருப்பியது இருக்கிறதே, எங்கள் தங்கச்சி அன்று முழுவதும் எங்களைப் பேச விடவில்லை. மாலையில் பிரிட்டன் அயர்லாந்தைத் தோற்கடித்த பிறகு காலிறுதி உறுதியானது. ஆகஸ்ட் 2 அன்று அங்கே ஆஸ்திரேலியாவையும் 1-0 என்று ஜெயித்தார்கள். குர்ஜித் கௌர் அடித்த கார்னர் கோல். இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனது அதுதான் முதல் முறை.

ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றார்கள். அன்று உத்தரகாண்டில் ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத் என்ற ஊரில், வந்தனாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து ஆடினார்கள் சிலர். சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று அவர்கள் பேசியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, கைதும் நடந்தது. அதே வருஷம் மே மாதம் வந்தனாவின் அப்பா இறந்திருந்தார். பெங்களூரு பயிற்சி முகாமின் கொரோனாக் கட்டுப்பாட்டில் இருந்த மகளால் இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியவில்லை. அந்த வீட்டு வாசலில்தான் பட்டாசு.

கணக்குப் பார்ப்போம். அர்ஜென்டினாவின் இரண்டு கோல்களும் பெனால்டி கார்னரில் வந்தவை. இந்தியாவின் ஒரே கோலும் கார்னரில் குர்ஜித் அடித்ததுதான். ஆகஸ்ட் 6 அன்று வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்றபோதும் ஒரு கோல் வந்தனாவுடையது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் போட்ட மொத்தக் கோல் பன்னிரண்டு. குர்ஜித் நான்கு, வந்தனா நான்கு. மீதி நான்கை நான்கு பேர் போட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு கோல் போட்டவரின் வீட்டு வாசலில் வந்து நின்று, உன்னால்தான் தோல்வி என்கிறார்கள். ஆட்டம் பார்த்தவன் இப்படிச் சொல்ல மாட்டான். பட்டாசு வாங்கும்போது அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. கணக்கு அவர்களுக்குத் தேவையும் இல்லை.

செய்தி வந்த மறுநாள் எங்கள் டீக்கடையிலும் பேச்சு மாறியது. அதுவரை வந்தனாவின் ஸ்டிக் ஒர்க் பற்றிப் பேசியவர்களில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அது என்ன ஆளுங்க?" என்று கேட்டார். இது புதிதல்ல. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெள்ளிப் பதக்கம் வாங்கியபோது நாட்டில் ஏராளமானோர் கூகுளில் தேடியது அவர் சாதியை. ஜெயித்தவரை நம்ம ஆளா என்று பார்க்கவும், தோற்றவரை அந்த ஆளா என்று பார்க்கவும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்.

ஹரித்வார் ரொம்ப தூரம் என்று நினைக்க வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன் குற்றாலம் பக்கத்து ஊரொன்றில் கொடைவிழாக் கபடி. ஊர் அணியில் காலனிப் பையன் ஒருவனைச் சேர்த்திருந்தார்கள். நல்ல ரைடர். அவன் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று தெரிந்துதான் சேர்த்தார்கள். ஊர் அணி ஒரே ஒரு பாயிண்டில் ஜெயித்தது. ஜெயித்த கையோடு, பாயிண்ட் ஏன் வரவில்லை என்று பந்தலடியில் பஞ்சாயத்து. ரைடு சரியில்லை, இவன் நாலு தடவை போய் மூணு தடவை மாட்டிக்கொண்டான், இவனால்தான் சுலபமாக ஜெயிக்க வேண்டிய ஆட்டம் ஒத்தப் பாயிண்டுக்கு வந்தது என்றார்கள். கடைசியில் ஒரு குரல்: "அவனுவளச் சேத்தா இப்படித்தான்."

கபடி பார்க்கிறவர்களுக்குத் தெரியும். தொடர்ந்து இரண்டு ரைடு பாயிண்ட் இல்லாமல் திரும்பினால் மூன்றாவது ரைடு டூ ஆர் டை. பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் அவுட். எதிரணிக்கும் அது தெரியும். அவர்கள் முன்னால் வரவே மாட்டார்கள், பின்னால் பதுங்கி நின்று இவன் உள்ளே வரட்டும் என்று காத்திருப்பார்கள். முப்பது நொடிக்குள் இவன்தான் உள்ளே போக வேண்டும். அன்று ஊர்ப் பையன்கள் இருவரும் முதல் ரைடு, இரண்டாவது ரைடுக்குப் போய்க் கோட்டைத் தொட்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார்கள். மூன்றாவதுக்கெல்லாம் இவனையே அனுப்பினார்கள். நாலு தடவையும் டூ ஆர் டை. அதில் ஒரு தடவை பாயிண்ட் எடுத்தான். ஜெயித்ததும் அதே ஒரு பாயிண்டில்தான்.

நாங்கள் பந்தலில் நின்று இதைச் சொன்னோம். யாருக்கும் கேட்க விருப்பமில்லை. ஆபத்தான வேலைக்கு ஒருவனை அனுப்பிவிட்டு, அவன் எத்தனை தடவை அடிபட்டான் என்று எண்ணி அவன் தரத்தை முடிவு செய்வது கபடியில் மட்டுமா நடக்கிறது? மலக்குழிக்கு யாரை இறக்குகிறார்கள், இறக்கிவிட்டு யாரைக் குறை சொல்கிறார்கள்? அடுத்த வருஷம் அந்தப் பையன் ஊர் அணிக்கு வரவில்லை. காலனி அணியில் ஆடுகிறான். காலனிக்கு மைதானம் கிடையாது. அறுவடை முடிந்த வயலில் ஆடுகிறார்கள்.

ஜெயித்தாலும் விடமாட்டார்கள் என்பதற்கு எங்கள் பக்கத்து மாவட்டமே சாட்சி. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வெழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி, கைவிரல்களை வெட்டினார்கள். கபடியில் அவன் அணி ஜெயித்ததுதான் பகைக்குக் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். ரைடருக்குக் கை என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கதைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. பல்வாங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர் புனேயில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வலைப்பயிற்சியில் மணிக்கணக்காகப் பந்து போட்டார். மட்டையை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. பிறகு இந்துக்கள் அணிக்கு ஆடப் போனபோது, தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, இவருக்கு வெளியே மண் குவளை. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி மட்டும் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல்தான் கேப்டன் ஆனார். யார் வெயிலில் பந்து போடுவது, யார் மட்டை பிடிப்பது, யார் கட்டளை இடுவது என்பதெல்லாம் திறமையைப் பார்த்து முடிவானதல்ல.

அதற்காகத் தலித் விளையாட்டுக்காரர்களை யாரும் விமர்சிக்கவே கூடாது என்கிறோமா? இல்லை. எங்கள் ஆட்களிலேயே சிலர் அப்படிச் சொல்கிறார்கள். வந்தனாவை ஒரு வார்த்தை சொன்னாலும் சாதிவெறி என்று சண்டைக்கு வருகிறார்கள். அவர்கள் கோபம் எங்களுக்குப் புரிகிறது, ஆனால் அதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. மற்ற ஆட்டக்காரர்களுக்கு ஒரு நாள் மோசமாக ஆட அனுமதி இருக்கிறது. திட்டு வாங்குவார்கள், மறு ஆட்டத்தில் திரும்பி வருவார்கள், ஜனம் மறந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கும் அதே அனுமதிதான் வேண்டும். ஹாட்ரிக் போட்டால்தான் மனுஷி, போடாவிட்டால் சாதி என்றால் எந்தப் பெண் நிம்மதியாக மட்டை பிடிப்பாள்? கோலை விட்டால் கோலை விட்டாய் என்று சொல்லுங்கள். எங்கே நின்றிருக்க வேண்டும், எப்போது பந்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அது மரியாதை. ஜூலை 30 அன்று எங்கள் டீக்கடையில் வந்தனாவுக்குக் கிடைத்தது அந்த மரியாதைதான், வெளியே உக்கார வை என்று கத்தியவரும் சேர்த்து. ஆகஸ்ட் 5 அன்று அது இல்லை.

வந்தனா நிறுத்தவில்லை. 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023இல் முந்நூறு சர்வதேச ஆட்டங்களைத் தொட்ட முதல் இந்தியப் பெண் ஆனார். 2025 ஏப்ரலில் ஓய்வு அறிவித்தபோது 320 ஆட்டங்கள், 158 கோல்கள். எங்கள் தங்கச்சி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பெண் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறாள். அறுத்த வயலில்தான். கார்னரில் பந்தைத் திருப்புவது எப்படி என்பதுதான் அவளுடைய முதல் பாடம்.

சாரல் ஆரம்பித்தால் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மறுபடியும் கபடிப் பந்தல் போடுவார்கள். உங்கள் ஊர் அணி ஒரு பாயிண்டில் ஜெயித்து, ரைடு சரியில்லை என்று நாலு பேர் கூடிப் பேசினால் நீங்களும் போய் நில்லுங்கள். தாராளமாகக் குறை சொல்லுங்கள். பேச்சு ஆட்டத்தை விட்டுத் தெருவுக்குத் திரும்புகிற நேரத்தில் மட்டும், மூன்றாவது ரைடுக்கெல்லாம் யாரை அனுப்பினார்கள் என்று சத்தமாகக் கேளுங்கள்.