வெந்நீரூற்று விடுதியில் ஒரு விருந்து

ஜப்பான் எரிமலைகள் மிகுந்த நாடு. அவற்றுள் இன்றும் உயிர்ப்புடன் இருப்பவை 111 எனக் கணக்கிட்டுள்ளனர். ஊரையும் வயலையும் அழிக்கவல்ல அந்நிலத்தடி வெப்பமே, பல இடங்களில் நீரைச் சூடாக்கி ஊற்றாக மேலே அனுப்புகிறது. 'ஓன்சென்' எனப்படும் இவ்வெந்நீரூற்றுகளை மக்கள் நெடுங்காலமாக நாடி வருகின்றனர். அவர்கள் தங்குவதற்கென எழுந்தவையே 'ரியோகான்' என்னும் மரபு விடுதிகள். யமனாஷி மாநிலத்து மலைப்பகுதியில் உள்ள நிஷியாமா ஊற்று விடுதி கி.பி. 705ஆம் ஆண்டில் தோன்றியது என்பர். உலகின் மிகப் பழைய விடுதியாகக் கின்னஸ் நிறுவனம் 2011இல் அதனை ஏற்றுக்கொண்டது.

இவ்விடுதிகளில் ஓர் இரவுத் தங்கலும், இரவு விருந்தும், காலை உணவும் சேர்த்தே கட்டணம் பெறுவது மரபு. விருந்து, தங்கலின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. அதற்கு முன்னுரையாக அமைவது நீராடல். உடலை நன்கு தேய்த்துக் கழுவிய பின்னரே தொட்டியில் இறங்குதல் வேண்டும். அந்நீர் பலருக்கும் பொதுவானதன்றோ! வெந்நீரில் சிறிது நேரம் அமர்ந்திருந்து, 'யுகாதா' என்னும் மெல்லிய பருத்தி அங்கியை உடுத்துத் திரும்பும் விருந்தினருக்கு வழிநடை அயர்வு நீங்கியிருக்கும். நல்ல பசியும் எடுத்திருக்கும்.

விருந்தின் பெயர் 'கைசெகி'. ஒரே ஒலியுடைய இரு சொற்கள் இப்பெயரில் வழங்குகின்றன. கவிதை புனையக் கூடியவர்களின் அவைகளில் வளர்ந்த விருந்து ஒன்று. தேநீர் விழாவில் பரிமாறப்படும் எளிய உணவு மற்றொன்று. பின்னதன் பெயருக்கு 'மார்போடு அணைத்த கல்' என்பது பொருள். துறவியர் சூடாக்கிய கல்லை உடைக்குள் வைத்துப் பசியை ஆற்றிக்கொண்டனர் என்பது அதற்குக் கூறப்படும் விளக்கம். விடுதியின் விருந்து முன்னதன் வழிவந்தது. எனினும், பின்னதன் அடக்கமும் அதில் கலந்தே இருக்கிறது.

இலையுதிர் காலத்து மாலை ஒன்றில் இவ்விருந்து நடைபெறும் முறையைக் காணலாம். கோரைப்பாய் விரித்த அறையில் தாழ்ந்த மேசை ஒன்று இருக்கும். முதலில், ஒரே வாயில் அடங்கக்கூடிய சிற்றுணவுகள் சில வரும். அவற்றின் அருகே சிவந்த மேப்பிள் இலை ஒன்று கிடக்கும். அவித்த கஷ்கொட்டை ஒன்று இருக்கும். வெளியே மலையில் நிகழும் பருவ மாற்றம் தட்டிலும் தோன்றிவிடும்.

அடுத்து வருவது மூடியிட்ட அரக்குக் கிண்ணம். மூடியைத் திறந்ததும் மணம் எழும். உள்ளே இருப்பதோ தெளிந்த நீர் போன்ற சாறு. 'கொம்பு' என்னும் கடற்பாசியையும், புகையூட்டி உலர்த்தி மரக்கட்டைபோல் இறுகச் செய்த சூரைமீனின் சீவல்களையும் கொண்டு அச்சாறு வடிக்கப்படுகிறது. அக்கடற்பாசியின் சுவைக்குக் காரணமான பொருளை 1908இல் கிக்குனே இக்கெதா என்னும் வேதியியல் அறிஞர் பிரித்தறிந்தார். அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றோடு இதனையும் அடிப்படைச் சுவையாக அறிவியல் உலகம் இன்று ஏற்றுக்கொண்டுள்ளது.

பின்னர்ப் பச்சையாகவே மெல்ல அரிந்த மீன், தணலில் சுட்ட மீன், சாற்றில் வேகவைத்த கிழங்கு, ஆவியில் அவித்த உணவு, எண்ணெயில் பொரித்தது, காடி சேர்த்தது எனக் கறிவகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் வெவ்வேறு சமையல் முறையைச் சார்ந்தது. சில வேளைகளில் ஒருவர்க்கு மட்டுமான சிற்றடுப்பு ஒன்றும் முன்னே வைக்கப்படும். அதில் இட்ட எரிபொருள் கட்டி தீர்ந்து அணையும்போது, மேலுள்ள உணவு பதமாக வெந்திருக்கும். இறுதியில் சோறும், மீசோச் சாறும், ஊறுகாயும் வருகின்றன. சோறு வந்தால் விருந்து முடிவை நெருங்கிவிட்டது என்று உணரலாம். பழத்துடன் விருந்து நிறைவு பெறும்.

உணவின் அளவு ஒவ்வொரு தட்டிலும் சிறிதே. ஆனால், அதன்பின் நிற்கும் உழைப்பு பெரிது. கோடையில் குளிர்ச்சி தோன்றக் கண்ணாடிக் கலமும், குளிர்காலத்தில் தடித்த மண் கலமும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பரிமாறும் பெண், உண்பவரின் வேகத்தைக் குறிப்பால் அறிந்து அடுத்த தட்டைக் கொணர்கிறாள். சாறு ஆறிவிடக் கூடாது. உண்பவரை விரைவுபடுத்தவும் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே அவள் அறைக்கும் அடுக்களைக்குமாகப் பலமுறை நடக்கிறாள்.

உண்ணுமுன் ஜப்பானியர் 'இத்தடக்கிமசு' என்பர். 'பணிந்து பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். உண்டபின் 'கொச்சிசோசமா' என்பர். விருந்தைக் குறிக்கும் 'சிசோ' என்னும் சொல் அதனுள் அடங்கியுள்ளது. அச்சொல்லின் முதற்பொருள் 'ஓடித் திரிதல்' என்பதாகும். விருந்தினருக்காகப் பொருள் தேடி ஓடியவர்களின் உழைப்பை அந்நன்றிமொழி நினைவுகூர்கிறது.

இன்று அவ்வாறு ஓடுவோர் குறைந்து வருகின்றனர். 1980ஆம் ஆண்டையொட்டி 80,000க்கு மேல் இருந்த இவ்விடுதிகள், 2017இல் 40,000க்கும் குறைந்துவிட்டன. நடத்தி வந்தோர் முதுமையுற்றனர். அவர்களுக்குப்பின் பொறுப்பேற்க மக்கள் முன்வரவில்லை. பணியாளரும் போதிய அளவில் கிடைப்பதில்லை. அறைக்கு உணவு கொண்டுவருவதை விடுத்துப் பொதுக்கூடத்தில் பரிமாறும் விடுதிகளும், உணவின்றி அறையை மட்டும் தரும் விடுதிகளும் உண்டு. இம்மாற்றத்தைக் குறைகூறுவதற்கில்லை, உழைப்போர்க்கும் ஓய்வு வேண்டுமன்றோ!

ஜப்பானியரின் உணவு மரபை 2013இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. பட்டியலில் பெயர் இடம்பெறுவது பெருமையே. ஆயினும், பெயர் மட்டும் ஒரு மரபைக் காத்துவிடாது. ஒரு சிறு தட்டை ஆக்கியவரின் கருத்தோடு ஆக்கி, அளிப்பவரின் அன்போடு அளித்து, உண்பவர் அதன் அருமை அறிந்து உண்ணும்வரை அது வாழும். உண்பவரின் கவனம் அவ்விருந்தில் ஒரு பாதி.