புழுக்கை எண்ணிய நாட்கள்

முயலுக்குக் குரலில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மையன்று. உயிர் போகும் அச்சத்திலும் பொறுக்கவொண்ணாத வலியிலும் அது கீச்சிட்டு அலறும். அதற்கு முந்தைய துன்பங்கள் யாவற்றையும் மறைத்துவிடும். வேட்டையாடப்படும் உயிர்களுக்கு நலிவை வெளிக்காட்டுவது சாவை அழைப்பதற்குச் சமம். ஆகவே முயல் வளர்ப்பவர் குறிப்புப் பொருளை வாசிக்கப் பழகியே ஆகவேண்டும். இருபதாண்டுகளாக வகுப்பறையில் உள்ளுறையும் இறைச்சியும் நடத்திவரும் எனக்கு இது எளிதாக இருந்திருக்க வேண்டும். (இறைச்சி என்ற சொல்லை இந்தக் கட்டுரையில் ஆள்வதற்கு மிட்டாய் என்னை மன்னிக்கட்டும்.)

மிட்டாய் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் வளரும் பெண் முயல். மூன்று வயது, இரண்டு கிலோ. பெயர் என் மகள் இட்டது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் அம்புக்கு இலக்காகும் கானமுயலும் மிட்டாயும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டாலும் இரண்டும் வேறு வேறு பேரினங்கள். நம் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டிகள் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. வீட்டு முயலின் முன்னோர் ஐபீரியத் தீபகற்பத்தில் வளை தோண்டி வாழ்ந்தவை. குட்டிகள் மயிரின்றி, கண்மூடிப் பிறப்பதால் தாய் தன் உடம்பின் மயிரைப் பிய்த்து மெத்தை அமைக்கும். தமிழுக்கு இரண்டும் முயல்தான்.

இந்த மெத்தை விவகாரம்தான் எங்களுக்கு முதல் அறிகுறியாக வந்தது. துணையே காணாத மிட்டாய் ஒருநாள் தன் அலைதாடி மயிரைப் பிய்த்து, பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த பழைய கணையாழி இதழ்கள் இரண்டைக் கிழித்து, கட்டிலடியில் கூடு கட்டியது. "ஏட்டி, கல்யாணம் காட்சி பாக்காத பிள்ளைக்கு மசக்கையாட்டி?" என்று அம்மா சிரித்தாள். பொய்க்கருவுறுதல் என்பது இதன் பெயர். பதினாறு, பதினெட்டு நாட்களில் தானே தணிந்துவிடும். தணிந்தது, சில மாதம் கழித்து மீண்டும் வந்தது.

2025 சனவரியில் சிறுநீர் சிவந்தது. வெயில் சூடு என்றாள் அம்மா. அப்படியும் இருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. முயலின் சிறுநீர் தீவனத்திலுள்ள நிறமிகளால் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுவதுண்டு. ஆனால் நிறமி சிறுநீர் முழுவதும் ஒரே சீராகப் படரும். இங்கே வெள்ளைத் துணியில் கட்டியும் கோடுமாகத் தனித்துத் தெரிந்தது. அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் நாய்க்குட்டிக்கு எழுதுவதுபோல அமாக்சிசிலின் சொட்டு மருந்து எழுதித் தந்தார். வாய்வழியே கொடுக்கும் அமாக்சிசிலின் முயலின் பெருங்குடல் நுண்ணுயிர்களைச் சிதைத்து, நச்சு உண்டாக்கும் கிருமிகளைப் பெருக்கி, உயிரையே பறிக்கக்கூடியது. மருந்துக் கடைக்குப் போகுமுன் என் மகள் மதுரையில் முயல் பார்க்கும் மருத்துவர் ஒருவரை விசாரித்துத் தொலைபேசியில் பிடித்துவிட்டாள். அவர் வேண்டாம் என்று அலறாத குறையாகச் சொன்னார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். முயலின் கருப்பை இரு கொம்புகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாய். இடக்கொம்பில் முடிச்சுகள் இருந்தன. சில இனங்களில் நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கருப்பையில் புற்று காண்கிறார்கள் என்றார் மருத்துவர். மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருந்தது. அகற்றிவிட வேண்டியதுதான். கூடவே அவர் மறைக்காமல் இன்னொன்றையும் சொன்னார். பிரிட்டனில் 2008-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் மயக்கமருந்து தொடர்பான மரணம் நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. அவ்வாறு இறந்த முயல்களில் பெரும்பாலானவை கத்தி வைத்தபோது அல்ல, அறுவை முடிந்த பிறகே இறந்திருக்கின்றன. அதாவது பாதி வேலை எங்களுடையது.

அம்மா ஒப்பவில்லை. "வாயில்லா சீவனுக்கு வயித்தக் கிழிக்கப் போறியே, அது கேட்டுச்சா உன்கிட்ட?" என்றாள். அதற்கு என்னிடம் இன்றுவரை விடையில்லை. சம்மதம் என்ற ஒன்று இந்த உறவில் எந்த இடத்திலும் இல்லை. கூண்டிலும் இல்லை, மிட்டாய் என்ற பெயரிலும் இல்லை. படிவத்தில் கையொப்பம் இட்டவள் நான்.

இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. நாளும் காலையில் அடுப்படித் தராசில் நிறுத்து, எடையை நாட்காட்டியில் குறித்தோம். பயணப் பெட்டியைத் திறந்தே வைத்து, உள்ளே புல் போட்டுப் பழக்கினோம். பெல்லட் தீவனத்தை வெந்நீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயோரம் கொடுத்துப் பார்த்தோம். பிறகு தேவைப்படும்போது அது அந்நியமாக இருக்கக்கூடாதே. மனிதருக்குச் சொல்வதுபோல வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்லக் கூடாது என்பது முக்கியம். முயலால் வாந்தி எடுக்க இயலாது; அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு வெயிலுக்கு அஞ்சிப் புறப்பட்டபோதும் மிட்டாய் வழியெல்லாம் அருகம்புல் மென்றுகொண்டே வந்தது. உறவினர் ஒருவர், முந்நூறு ரூபாய் முயலுக்கு ஏழாயிரம் ரூபாய் அறுவையா என்று கேட்டிருந்தார். கணக்கு சரிதான்.

அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அன்று மாலையே திரும்பினோம். தையல் உள்ளேயே கரையும் வகை. கழுத்தில் கூம்பு மாட்டவில்லை. முயல் தன் மென்மையான புழுக்கையை நேரடியாகக் குனிந்து எடுத்துத் தின்னும், அதுவும் அதற்கு உணவே, கூம்பு அதைத் தடுத்துவிடும். தரையில் பழைய துண்டுகள் விரித்தோம். காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். குளிர்ந்திருந்தால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகே வைக்கவேண்டும். மெலாக்சிகம் சொட்டு மருந்தை மருத்துவர் குறித்த நேரத்தில் கொடுத்தோம். இனி எதிர்பார்த்தது ஒன்றைத்தான்: புழுக்கை. அது விழுந்தால் குடல் ஓடுகிறது. நின்றுவிட்டால் வலி பசியைக் கொல்லும், பசியின்மை குடலைக் கொல்லும், ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

இரவு பத்துக்கு மிட்டாய் மூலையில் கூனிக் குறுகி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. பல்லைக் கடிக்கும் ஓசை கேட்டது. முயல் மகிழ்ச்சியிலும் மெல்லப் பல்லை நறுநறுக்கும். இது அதுவன்று, உரத்த, இடைவெளி விட்ட கடிப்பு. மருத்துவரை அழைத்தேன். கூடுதலாக ஒருவேளை மருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்று எடையைக் கேட்டுச் சொன்னார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் கூழ்.

அந்த இரவில் அம்மா உறங்கவில்லை. நான் கேட்காமலேயே பேசினாள். 1994-இல் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, எனக்குப் பதினான்கு. கர்ப்பப்பையை எடுத்தார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி, பன்னிரண்டாம் நாள் அடுப்படி. "தையல் இழுக்கும். சொன்னா உங்க ஆச்சி, ஊரு உலகத்துல இல்லாததான்னு கேப்பா. அப்புறம் சொல்றதில்ல" என்றாள். எனக்கு நினைவிருப்பது அந்த மாதம் குழம்பில் காரம் குறைந்திருந்தது மட்டுமே. வேறெதையும் அவள் எங்களுக்குத் தெரியவிடவில்லை. "இதுக்கு வலிக்குதுன்னு உனக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மிட்டாயின் நெற்றியைத் தடவினாள்.

விடியற்காலை ஐந்தரைக்கு ஏழு புழுக்கைகள். கடுகை விடச் சற்றே பெரியவை, உலர்ந்தவை. அம்மாதான் முதலில் பார்த்தாள். எட்டு மணிக்கு முப்பத்தொன்று. ஒன்பதுக்குக் கொத்தமல்லித் தழையை மிட்டாய் தானாக இழுத்துத் தின்றது. அதன்பிறகு பத்து நாள் தாவவிடாமல் காப்பது, காலையும் மாலையும் மடியில் மல்லாத்தாமல் அடியில் விளக்கடித்துத் தையலைப் பார்ப்பது என்று கழிந்தன. எடை நூற்றிருபது கிராம் குறைந்து, மூன்று வாரத்தில் மீண்டது.

பயாப்சி முடிவு மார்ச்சில் வந்தது. புற்றுதான், கருப்பைக்கு வெளியே பரவியதற்கான அறிகுறி இல்லை. இனி மூன்று மாதத்துக்கொருமுறை மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். முதலிரண்டு படங்களும் தெளிவாக இருந்தன. நாட்காட்டியில் எடை எழுதும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். கிராம் எண்ணுக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் புழுக்கைக் கணக்கும் இருக்கிறது, எந்த மருத்துவரும் இப்போது கேட்காத போதிலும்.