எஞ்சின் மாற்ற முன் பிரேக்கைப் பாருங்க



வாப்பாவின் மொரிஸ் மைனர் மறுபடி ரோட்டுக்கு வந்ததிலிருந்து மாவனல்லையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “சேர், உள்ளுக்கு என்ன எஞ்சின்?” என்னிடம் படித்த பிள்ளைகள் மூன்று பேர் தங்கள் வீட்டு மொரிஸுக்கும் அதையே வைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். “பிரேக் என்ன போட்டீங்க?” என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பிறகு பழைய கார்களின் விலையும் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. வாப்பா மௌத்தான பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் நின்றது அவருடைய 1963 மொரிஸ். இருப்பதைத் திருத்தி ஓடுவோம் என்று முடிவெடுத்தேன்.

அதன் 1098 சீசீ எஞ்சின் தேய்ந்து போயிருந்தது. கடுகண்ணாவ ஏற்றத்தில் பாதி வழியிலேயே ரேடியேட்டர் கொதிக்கும். அதனால் ஒரு நிஸான் சன்னியின் 1488 சீசீ ஏ15 எஞ்சினையும் ஐந்து கியர் பொக்ஸையும் தேடி எடுத்தோம். இன்றைய கார்களில் பெரும்பாலும் எஞ்சின் குறுக்காக இருந்து முன் சில்லுகளை ஓட்டும். மொரிஸில் அது நேராக இருந்து பின் சில்லுகளை ஓட்ட வேண்டும். பழைய சன்னி அந்த வகை. அதற்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. ஆனால் மொரிஸுக்கு அது இளம் மாப்பிள்ளைதான்.

“ஒரிஜினலைக் கெடுத்திட்டீங்களே” என்று சில பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். மொரிஸின் சரித்திரம் வேறு மாதிரி. இதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், 1948இல் வெளிவரும் முன்பே மாதிரிக் காரை நடுவால் வெட்டி நாலு அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவே ஓடும் பட்டி அந்த வெட்டின் அடையாளம். எஞ்சினையும் கம்பனியே மூன்று முறை மாற்றியது: 918, பிறகு 803, 1956இல் 948, 1962இல் 1098. அந்தக் கடைசி மாற்றத்தோடு முன் பிரேக் டிரம்மையும் ஏழு அங்குலத்திலிருந்து எட்டாகக் கூட்டினார்கள். 150 சீசீ கூடினதற்கே அவர்கள் பிரேக்கைப் பெரிதாக்கினார்கள். நாங்கள் கூட்டியது கிட்டத்தட்ட 400.

எங்கள் மெக்கானிக் நானாவுக்கு இது தெரிந்திருந்தது. எஞ்சின் வந்து இறங்கிய அன்றே தொங்க விடலாம் என்று நான் நின்றேன். அவர் சொன்னார்: “சேர், இது ஓடும். அதுல சந்தேகமில்ல. நிக்குமா எண்டு முதல்ல பார்ப்பம்.”

பார்த்தோம். மொரிஸின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தளத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நாலு சில்லுக்கும் ஒரே லைன். எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் போய்விடும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறினால் மிதி மிதியாகவே இருக்கும், கார் நிற்காது. மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் போய் வருபவர்களுக்கு இதன் அர்த்தத்தை நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே முன்னுக்கு டிஸ்க் பிரேக், இரண்டு லைன் மாஸ்டர் சிலிண்டர், புதுக் குழாய்கள். முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன்களையும் மாற்றினோம். அவை தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடிந்துவிடும். இந்தக் காருக்குத் தனிச் சேஸி கிடையாது, பொடிதான் பாரத்தைத் தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழும் பின் ஸ்பிரிங் பூட்டும் இடத்திலும் துருவை வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டினோம். புட்டி பூசி மூடவில்லை. பழைய வயரிங்கில் பற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் பொடியில் பூட்டியிருக்கும். ஜப்பான் அல்டர்நேட்டருக்காக அதையும் திருப்பினோம். இவ்வளவுக்கும் போன காசு, எஞ்சினுக்குப் போனதை விடக் கூட.

பழைய எஞ்சினை ஓயில் பூசி, சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். என் மகன் விரும்பினால் ஒரு நாள் திரும்ப வைக்கலாம்.

பிள்ளைகளே, செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. வாப்பாமார் விட்டுப் போன கார்கள் கொட்டிலில் உக்குவதை விட ஓடுவது நல்லது. ஆனால் கையில் இருக்கிற காசு முதலில் பிரேக்குக்கும், பிறகு துருவுக்கும் போகட்டும். மிஞ்சினால் எஞ்சின். வைத்த பிறகு புது எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து, இன்சூரன்ஸுக்கும் அறிவியுங்கள்.

வேலை தொடங்க முன் யாருக்காவது எங்கள் காரின் அடியைப் பார்க்க விருப்பமென்றால், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாங்க. ஜாக்கி போட்டுத் தூக்கிக் காட்டுகிறேன்.