வேம்பு துளிர்க்கும் மாதம்

கொட்டாஞ்சேனையில் பனிக்காலம் எப்படி என்று கேட்டால் சிரிப்பார்கள். தை மாதத்து விடியற்புறங்களில் கொஞ்சம் குளிர்காற்று வரும். அவ்வளவுதான். மாசி பிறந்ததும் தகரக்கூரை காயத் தொடங்கிவிடும்.

தென்மராட்சியில் அப்படியல்ல. மாரி மழை ஓய்ந்ததும் பனி தொடங்கும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே அம்மா எங்களைப் போர்த்திவிடுவா. மாசியில் வேம்பு இலை கொட்டும். முற்றம் கூட்டிக் கூட்டி முதுகு முறிந்துவிடும். பிறகு ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும். அதன் பின்னால் பூ. பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனிடம் மாட்டுவண்டியில் போவோம். அங்கேயே அடுப்பு மூட்டிப் பொங்கி, கத்தரிக்காய்க் கறி சமைத்துப் படைப்போம். மட்டுவில் கத்தரிக்காயின் உருசி எனக்கு இன்றுவரை வேறு எந்தக் கத்தரிக்காயிலும் கிடைத்ததில்லை.

2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் விழுந்தது. அடுத்த மாதம் சண்டை சாவகச்சேரிக்குள் வந்துவிட்டது. கொடிகாமத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் வீட்டை விட்டு அம்மாவும் நானும் இரண்டு பிள்ளைகளும் உடுத்த துணியோடு ஓடினோம். பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து கொழும்பு. என் கணவர் 1996 இல் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு அறை கிடைத்தது. இரவில் கதவு தட்டினால் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு நிற்போம். அந்த ஒழுங்கையின் முடிவில் ஒரு வேம்பு நின்றது. கொழும்பின் ஈரக்காற்றில் வேம்பு பெரிதாகச் செழிக்காது. ஆனாலும் அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டா. அம்மாவுக்கு அப்போதே பார்வை மங்கல். தினமும் என்னிடம்தான் கேட்பா, இலை கொட்டுதோ, தளிர் வந்திட்டுதோ என்று. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் நான் எரிந்து விழுவேன்.

2001 பங்குனியில் பூத்தது. விடியமுன் மரத்தின் கீழ் சாக்கு விரித்துப் பூப் பொறுக்கினோம். வீட்டுக்கார அன்ரி முதலில் சிரித்தா. "கொஹா கூவினால் எங்களுக்கு அவுருது வருகிறது என்று தெரியும், உங்களுக்கு இதுவா?" என்றா. பிறகு வடகம் காயவைக்கத் தன் மொட்டைமாடியையே விட்டுத்தந்தா. உளுந்தை ஊறவைத்து அரைத்து, பூவும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் சீரகமும் உப்பும் சேர்த்துத் தட்டி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். ஒழுங்காகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த முறை பாதி பூஞ்சணம்தான். காகம் வேறு.

அடுத்த வருடம் சமாதானம் என்றார்கள். 2002 ஏப்ரல் 8 ஆம் திகதி ஏ9 பாதை யாழ்ப்பாணம் வரை திறந்தது. வானொலியில் செய்தி வந்தபோது நான் பஸ் காசைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா விரதத்தோடு சுவரில் சாய்ந்திருந்தா. "இண்டைக்குத் திங்கள் பிள்ளை," என்றா. "பங்குனிக் கடைசித் திங்கள்."

வருடப்பிறப்பு கழிந்து போனோம். ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி, பொதியை அவிழ்த்துக் காட்டி, ஒரு பகல் முழுக்கப் போனது. வழி நெடுக வட்டு இல்லாத பனைகள் வெறும் தூண்களாக நின்றன. எங்கள் வளவு வேலியில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. உள்ளே போக விடவில்லை. வீட்டுக்குக் கூரையில்லை. வேம்பு ஷெல் பட்டுப் பாதியில் முறிந்து, முறிந்த இடத்தில் ஒரு கொத்துத் தளிர் மட்டும் விட்டிருந்தது.

அம்மா பலகைக்கு இப்பால் நின்று முகத்தை நிமிர்த்தினா.

"பூத்திருக்கோ?"

"ஓம் அம்மா, பூத்திருக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. "பொய் சொல்லாதை. பூத்தா மணக்கும்."

எனக்கு அழுகை வந்தது. அவவுக்கு வரவில்லை. "தளிர் விட்டிருக்கோ? அதைச் சொல்லு," என்றா. சொன்னேன்.

அம்மா 2005 இல் கொட்டாஞ்சேனையிலேயே கண்ணை மூடினா. நான் இப்போதும் இங்கேதான். ஒழுங்கை வேம்பை மாடிக்கட்டிடம் கட்டுவதற்காகத் தறித்துவிட்டார்கள். மூத்தவள் ஊருக்குப் போய், கண்ணிவெடி அகற்றிய வளவில் சிறிதாக ஒரு வீடு கட்டியிருக்கிறாள். மாசி வந்தால் போன் எடுத்து, இந்த வேம்பால் முற்றம் கூட்டி முதுகு முறியுது என்று என்னைத் திட்டுவாள். நேற்றும் எடுத்தாள். வடகத்துக்கு உளுந்து எவ்வளவு போடவேண்டும் என்று கேட்டாள். எனக்கும் அளவு தெரியாது, அம்மா கையால் அள்ளித்தான் போடுவா என்றேன்.