எழுத்து பிழைத்த ஊர்

பிரான்சு தேசத்துக்குச் செல்லும் நம்மவருள் பெரும்பாலோர் பாரிஸ் நகரத்தோடு நின்றுவிடுகின்றனர். ஐபெல் கோபுரத்தைக் கண்டு, லூவர் காட்சிசாலையை ஒருமுறை சுற்றிவந்து, அடுத்த நாட்டுக்கு மூட்டை கட்டிவிடுகின்றனர். அதில் தவறொன்றுமில்லை. ஆயினும் ஒரு நாட்டின் இயல்பை அறிய வேண்டுமாயின் அதன் சிற்றூர் ஒன்றில் நாலு நாட்களேனும் தங்கவேண்டும். இக்கருத்துடன், சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் ஃபிஜாக் என்னும் ஊருக்குக் குடும்பத்தோடு சென்று வந்தோம்.

ஃபிஜாக் தென்மேற்குப் பிரான்சில், லோத்து மாவட்டத்தில், செலே என்னும் சிற்றாற்றின் கரையில் உள்ளது. மக்கள் தொகை ஏறக்குறைய 10,000. துலூஸ் நகரிலிருந்து இரயிலில் செல்லலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கு ஒரு கிறித்தவ மடம் எழுந்தது, மடத்தைச் சுற்றி வணிகர் குடியேறினர், ஊர் செழித்தது. அக்காலத்துக் கல் வீடுகள் பல இன்றும் குலையாமல் நிற்கின்றன. தெருக்கள் மிகக் குறுகியவை. வீடுகளின் உச்சியில், கூரைக்குக் கீழே, சுவரின்றித் தூண்கள் மட்டும் தாங்கும் திறந்த மாடம் ஒன்று உண்டு. அங்கே தானியமும் துணியும் தோலும் உலர்த்துவார்களாம். நம் ஊர் மொட்டை மாடியில் வடாம் காய்ந்த நாட்கள் எங்களுக்கு நினைவுக்கு வந்தன.

இவ்வூரின் பெருமைக்குக் காரணமானவர் ழான் பிரான்சுவா ஷாம்போலியோன். இவர் 1790ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் இங்கு ஒரு புத்தக வணிகரின் மகனாகப் பிறந்தார். எகிப்து நாட்டின் பழைய சித்திர எழுத்துக்களைப் படிக்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் இவரே. அவர் பிறந்த இல்லம் இப்பொழுது உலக எழுத்துக்களின் காட்சிசாலையாக விளங்குகிறது. 1986இல் தொடங்கப்பெற்ற அக்காட்சிசாலை 2007இல் விரிவாக்கப்பெற்றது. அதன் முகப்பில் செப்புத் தகட்டில் ஆயிரம் எழுத்துக்களை வெட்டிப் பதித்திருக்கின்றனர்.

காட்சிசாலைக்கு அருகில், வீடுகளால் சூழப்பட்ட ஒரு முற்றம் இருக்கிறது. அதன் தரை முழுவதும் பரப்பியதுபோல் ஒரு பெரிய கருங்கல் கிடக்கிறது. ஏறத்தாழ 14 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ளது. 1991இல் ஜோசப் கொசூத் என்னும் அமெரிக்கக் கலைஞர் ரொசெட்டா கல்லை இவ்வாறு பன்மடங்கு பெரிதாக்கி அமைத்தார். கி.மு. 196ஆம் ஆண்டைச் சேர்ந்த அரசாணை ஒன்று அதில் மூன்று வகை எழுத்துக்களில் பொறிக்கப்பட்டுள்ளது: மேலே சித்திர எழுத்து, நடுவில் எகிப்தியரின் நடைமுறை எழுத்து, கீழே கிரேக்கம். மூலக் கல் 1799இல் எகிப்தில் கிடைத்தது. 1802 முதல் லண்டன் பிரிட்டிஷ் காட்சிசாலையில் உள்ளது.

சுற்றிலும் இருந்தவர்கள் செருப்புக் காலோடு அக்கல்லின் மீது நடந்து சென்றனர். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பதினொரு வயது மகள் மட்டும் விளிம்பிலேயே நின்றாள். "அப்பா, எழுத்தை மிதிக்கலாமா?" என்று கேட்டாள். காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தை அவளுக்கு அவள் பாட்டி கற்பித்திருந்தார். எங்களுக்கு உடனே விடை கூற இயலவில்லை. முடிவில் அவள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள். அவளைப் பின்பற்றி நாங்களும் அவ்வாறே செய்தோம். வெயிலில் கல் சுட்டது. எனினும், ஆழ வெட்டிய எழுத்துக்கள் உள்ளங்காலில் தெரிந்தன.

சித்திர எழுத்தின் வரலாற்றை அன்று மாலை ஆற்றங்கரையில் அமர்ந்து அவளுக்குக் கூறினோம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய எழுத்து அது. நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் கடைசிக் கல்வெட்டு ஃபிலே தீவுக் கோயிலில் கி.பி. 394ஆம் ஆண்டு வெட்டப்பட்டது. அதன்பின் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். சுமார் 1,400 ஆண்டுகள் அந்த எழுத்து கோயிற் சுவர்களில் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. ஆனால் படிப்பார் ஒருவரும் இல்லை.

பின் ஷாம்போலியோன் எவ்வாறு படித்தார்? அவர் இளமையிலேயே காப்டிக் மொழியை ஊன்றிக் கற்றார். காப்டிக் என்பது வேறன்று; பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவமே. அதைக் கிரேக்க எழுத்துக்களைக் கொண்டும் பழைய எழுத்திலிருந்து எடுத்த சில குறிகளைக் கொண்டும் எழுதினார்கள். எகிப்தியக் கிறித்தவர்கள் தங்கள் வழிபாட்டில் அம்மொழியைக் காத்துவந்தனர். அந்த ஒலிகளின் துணை கொண்டே அவர் பழைய எழுத்தின் பூட்டைத் திறந்தார். தம் கண்டுபிடிப்பை 1822 செப்டம்பரில் பாரிஸில் அறிவித்தார். பின் 1828இல் எகிப்துக்கே சென்று கோயில்களை நேரில் கண்டார். 1832இல், 41ஆம் வயதில், காலமானார்.

இவ்வளவையும் கேட்ட மகள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "நானும் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில்தானே எழுதுகிறேன்? அப்படியானால் நான் காப்டிக்கா?" என்றாள். நாங்கள் சிரித்தோம். ஆனால் அச்சிரிப்பு நீடிக்கவில்லை. அவள் வீட்டில் தடையின்றித் தமிழ் பேசுகிறாள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறாள். கும்பகோணத்திலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தையோ எங்களிடம் கொடுத்து, "படியுங்கள், கேட்கிறேன்" என்பாள். பாட்டிக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. இருவருக்கும் ஒரே மொழி. எனினும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாது. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவளை அனுப்பாமல், தேர்வு என்றும் நடனம் என்றும் காரணம் காட்டி ஒத்திவைத்தவர்கள் நாங்களே.

இஃது எகிப்தியருக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழ்நாட்டு மலைக்குகைகளில் நம் முன்னோர் வெட்டிய பழைய எழுத்தையும் நாம் படிக்க மறந்திருந்தோம். அவற்றின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல்தான் எடுத்துக் காட்டினார். எகிப்தின் செங்கடற்கரையில் குசைர் அல் காதிம் என்னும் துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் 'பானை ஒறி' என்று தமிழி எழுத்தில் எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்து விளக்கினார். உறியில் தொங்கும் பானை என்பது பொருள். கடல் கடந்து சென்ற தமிழர் ஒருவர் தம் எழுத்தையும் உடன் கொண்டு சென்றிருக்கிறார்!

மறுநாள் ஊரைச் சுற்றியுள்ள இடங்களைக் காணப் புறப்பட்டோம். ஃபிஜாக்கிலிருந்து மேற்கே செலே ஆறு உயர்ந்த சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே வளைந்து செல்கிறது. கோடையில் சிறு துடுப்புப் படகுகள் வாடகைக்குக் கிடைக்கும். நீந்தத் தெரிந்திருத்தல் வேண்டும். மிதவைச் சட்டையும் அணிதல் வேண்டும். ஆறு ஆழமற்றது; ஆவணி மாதத்தில் சில இடங்களில் படகைக் கையால் இழுக்க நேரும். நடப்பதில் விருப்பமுள்ளவர்க்குப் பழைய யாத்திரைப் பாதை உண்டு. ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ திருத்தலத்துக்குச் செல்வோர் இன்றும் முதுகில் பையும் கையில் கோலுமாக இவ்வூர் வழியே நடக்கின்றனர். பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரைக் கண்டவர்க்கு அவர்கள் நடை புதியதாகத் தோன்றாது.

சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் பெஷ் மெர்ல் குகை இருக்கிறது. 1922இல் இரண்டு சிறுவர்கள் அதன் ஓவியங்களைக் கண்டுபிடித்தனர். நாளொன்றுக்கு 700 பேரைத்தான் அனுமதிக்கின்றனர்; ஆதலால் முன்பதிவு செய்துகொண்டு செல்வது நலம். உள்ளே குளிராக இருக்கும். கம்பளிச் சட்டை தேவை. புள்ளி போட்ட இரு குதிரைகளின் ஓவியம் அங்கே புகழ் பெற்றது. அதன் வயது ஏறக்குறைய 29,000 ஆண்டுகள் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். குதிரைகளைச் சுற்றிக் கையைப் பாறையில் வைத்து நிறத்தை ஊதிப் பதித்த அடையாளங்கள் உள்ளன. எழுத்துத் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதன், 'நான் இங்கு இருந்தேன்' என்று சொல்ல விரும்பியிருக்கிறான்.

சனிக்கிழமை ஃபிஜாக்கில் சந்தை கூடுகிறது. சைவ உணவினர்க்கு ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வாதுமைக் கொட்டையும் முலாம்பழமும் உண்டு. அப்பகுதியில் குங்குமப்பூவும் விளைகிறது. நண்பகலில் இரண்டு மணி நேரம் பல கடைகள் மூடிவிடுவதால், வேண்டியவற்றைக் காலையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

சந்தையில் மகள் ரொசெட்டா கல்லின் படம் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று வாங்கினாள். விடுதியில் அமர்ந்து பாட்டிக்குத் தமிழில் எழுத வேண்டும் என்றாள். ஒவ்வோர் எழுத்தையும் நாங்கள் தனித் தாளில் எழுதிக் காட்ட, அவள் பார்த்து எழுதினாள். மூன்று வரிகளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. 'பாட்டி' என்பதில் கால் விட்டுப்போய்ப் 'பட்டி' ஆகிவிட்டது. திருத்த எண்ணினோம், பின்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாங்கள் தில்லிக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் கும்பகோணத்திலிருந்து கடிதம் வந்தது. முதன்முறையாக உறையின் மேல் மகளின் பெயர் இருந்தது. பாட்டி எழுத்துக்களைப் பெரிதாகவும் இடைவெளி விட்டும் எழுதியிருந்தார். மகள் அதை எங்களிடம் நீட்டவில்லை. பலகணி ஓரம் அமர்ந்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படித்தாள். ஒரு பக்கக் கடிதத்தை முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. நாங்கள் உதவிக்குச் செல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்து வகுப்பில் அவளைச் சேர்த்தோம்.