இரண்டாம் படி

மூலம் ஒன்று, படிகள் பல. இதுவே எங்களைப் போன்ற எழுத்தர்களின் பிழைப்பு. ஆகவே, ஒரே ஒரு நல்ல படியை மட்டும் தரும் அச்சுக்கலையும் உண்டு என்று தில்லியில் ஓவியம் பயிலும் எங்கள் மகள் கூறியபோது நகைத்துவிட்டோம். அதற்கு மோனோடைப் என்று பெயராம்.

செதுக்கிய மரக்கட்டையிலும், அமிலத்தால் அரித்த செப்புத் தகட்டிலும் உருவம் நிலைத்து நிற்கும். மீண்டும் மீண்டும் மை தடவி அச்சிடலாம். மோனோடைப்புக்கான தகடோ வழவழப்பானது. அதில் கீறலும் இல்லை, பள்ளமும் இல்லை. மையால் அதன்மேல் வரைந்து, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பது ஒரு முறை. தகடு முழுவதும் மையைப் பரப்பி, துணியாலும் விரலாலும் துடைத்துத் துடைத்து இருளிலிருந்து ஒளியை வரவழைப்பது மற்றொரு முறை. ஜெனோவாவில் பிறந்த காஸ்திலியோனே என்ற ஓவியர் 1640களில் இதனைத் தொடங்கிவைத்தார் என்பர்.

விடுமுறை நாளொன்றில், பழைய படச்சட்டத்தின் கண்ணாடியே எங்கள் வீட்டில் தகடாயிற்று. அதில் கரிய மையை உருட்டிய மகள், சென்ற ஆண்டு மறைந்த எங்கள் தாயாரின் முகத்தைத் துடைத்தெடுத்தாள். நரைத்த தலை, அகன்ற நெற்றி, மூக்குத்தியின் ஒரு புள்ளி. பாட்டி இருந்தவரை, அவரிடம் பேசுவதற்காகவேனும் அவளுக்குத் தமிழ் வேண்டியிருந்தது. பின்னர் அதுவும் தேய்ந்தது. அக்குறை எங்கள் நெஞ்சில் இருந்ததால், "பெயரை நாங்களே எழுதுகிறோம்" என்று குச்சியை வாங்கி, மையில் தமிழில் கீறினோம்.

தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தோம். முகம் அழகாக விழுந்திருந்தது. பெயர் மட்டும் இடவலம் மாறிக் கிடந்தது! தகட்டில் உள்ளது தாளில் திரும்பி விழும் என்பதைத் தமிழ்ப் பெருமிதத்தில் மறந்துவிட்டோம்.

கண்ணாடியில் எஞ்சிய மையில் மகள் இரண்டாம் தாளை ஒற்றினாள். வெளிறிய நிழல்போல் முகம் வந்தது. "வீண்" என்றோம். "இல்லையப்பா. 1870களில் பாரிசில் தெகா இத்தகைய மங்கிய படிகளின்மேல் வண்ணக்கோல் தீட்டித்தான் பல ஓவியங்களை முடித்தார்" என்றாள். அவ்வாறே தீட்டினாள், திரும்பிய எழுத்துகளை வண்ணத்தால் மறைத்தாள். பின்பு, யாரையும் கேளாமல், பாட்டியின் பெயரைத் தமிழில் தானே எழுதினாள். ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. நாங்கள் திருத்தவில்லை.

ஊரைவிட்டு வந்த நாம், நம் பிள்ளைகளை மங்கிய படிகள் என்றே எண்ணி வருந்துகிறோம். அவர்கள் தீட்டவிருக்கும் வண்ணத்துக்குக் காத்திருப்பதில்லை.

முதற்படி பெட்டியில் இருக்கிறது. எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பது இரண்டாம் படியே.