மூடியைத் திறப்பதற்கு முன்

ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. பக்கத்தில் இருப்பது ஏரிதான். அங்கே படகில் ஏறுகிற சுற்றுலாக்காரர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறார்கள். நல்ல காரியம். அதே ஒண்டிக்கடையில் விடியற்காலையில் கூலிக்கு நிற்கிற எங்கள் சனத்துக்கு யாரும் எதையும் மாட்டிவிட்டதில்லை. யார் உயிருக்குக் காவல், அந்தக் காவலை எப்போது, யார் சோதிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அதைக் கப்பலை வைத்துப் பேசப் போகிறேன். மலைமேல் இருக்கிறவனுக்குக் கப்பல் எதுக்கு என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் சித்தப்பா மகன் ஒருவன் சரக்குக் கப்பலில் கடைநிலை மாலுமி. காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவன். லீவில் வந்தபோது சொன்னான்: "சர்வேயர் வர்றாருன்னா கேப்டனுக்கே வயித்தக் கலக்கும்ணே. படகைக் கீழ எறக்கிக் காட்டுன்னுவாரு. தீயணைக்கிற பம்ப்பை ஓட்டுன்னுவாரு. என்னையக் கூப்புட்டு, மணி அடிச்சா நீ எங்க போய் நிப்பேன்னு கேப்பாரு. நாந்தான் பதில் சொல்லணும். எனக்குத் தெரியலன்னா கப்பலே நின்னு போனாலும் போச்சு."

அவன் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் ஆள் ஒருவனுக்குப் பதில் தெரியவில்லை என்பதற்காக முதலாளியின் சொத்து துறைமுகத்தில் நிற்குமா? நிற்கும். கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான 1974-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. வெளிநாட்டுப் பயணம் போகிற, 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு சரக்குக் கப்பலுக்கும் பாதுகாப்புச் சாதனச் சான்றிதழ் வேண்டும். அதிகபட்சம் 5 வருஷத்துக்குச் செல்லும். ஆனால் வருஷா வருஷம் சோதனை உண்டு. எத்தனை உயிர்காப்புப் படகு, ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு இடம், எத்தனை மிதவை, எத்தனை சட்டை என்று ஒரு பட்டியல் அதோடு இணைந்திருக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஆளும் கப்பலைக் கைவிடும் ஒத்திகை செய்ய வேண்டும். எந்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போனாலும் அங்குள்ள அதிகாரி ஏறிப் பார்க்கலாம். பெரிய குறை இருந்தால் பிடித்து நிறுத்தலாம்.

இதெல்லாம் கப்பல் முதலாளிகளின் இரக்கத்தில் வந்ததல்ல. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் சோதனையில் தேறிய கப்பல். அன்றைய பிரிட்டிஷ் விதி கப்பலின் டன் கணக்கைப் பார்த்துப் படகை நிர்ணயித்தது, ஏறியிருக்கிற ஆளை எண்ணவில்லை. விதி கேட்டது 16 படகு, இருந்தது 20. ஆனால் ஏறக்குறைய 2,200 பேர் இருந்த கப்பலில் படகுகளில் இடம் 1,178 பேருக்குத்தான். 1,500 பேருக்கு மேல் செத்தார்கள். முதல் வகுப்பில் பாதிக்கு மேல் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நான்கில் மூன்று பேர் போல மாண்டார்கள். செத்தவர்களில் பணக்காரர்களும் இருந்ததால் உலகம் விழித்தது. 1914-இல் முதல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. டன்னை எண்ணிய சட்டம் தலையை எண்ணத் தொடங்கியது அப்படித்தான்.

சான்றிதழே உயிரைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். சென்னைக் கடலில் நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் அறுத்துக்கொண்டு வந்து எலியட்ஸ் கடற்கரையோரம் தரைதட்டியது. கப்பலில் 37 பேர். அதில் 22 பேர் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள். படகு அலையில் கவிழ்ந்தது. ஆறு பேர் செத்தார்கள். கடலில் தத்தளித்தவர்களை மீட்கப் புயலுக்குள் இறங்கியவர்கள் குப்பத்து மீனவர்கள். அவர்கள் கையில் எந்தச் சான்றிதழும் இல்லை. சம்பளம் பாக்கி, சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு என்று பிழைத்தவர்கள் அப்போது சொன்னார்கள். படகு இருந்தால் மட்டும் போதாது, அதை நம்பி இருக்கிறவனின் நிலைமையையும் யாராவது கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி நம் கதைக்கு வருகிறேன். கப்பலிலும் மூடிய தொட்டிகள் உண்டு. உள்ளே பிராணவாயு குறைந்திருக்கும், விஷவாயு தங்கியிருக்கும். இறங்கியவன் மயங்குவான், தூக்கப் போனவனும் மயங்குவான். இப்படிப் பல மாலுமிகள் செத்த பிறகு, 2015 ஜனவரி 1 முதல் தொட்டிக்குள் இறங்குவதற்கும் மீட்பதற்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை கட்டாயமானது. 2016 ஜூலை 1 முதல் கப்பலில் வாயு அளக்கும் கருவி கட்டாயமானது. பிராணவாயு, தீப்பற்றும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் அது அளக்க வேண்டும். "மொதல்ல குழாய உள்ள வுட்டு அளப்பாங்கண்ணே. 20.9 காட்டலன்னா எறங்கக் கூடாது. எறங்க மாட்டேன்னு நானே சொல்லலாம்" என்றான் தம்பி.

அவன் சொல்லும்போது என் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தொட்டி தெரியும். இந்த மலையில் ஒரு லாட்ஜின் செப்டிக் டேங்கில் இறங்கியவர் அவர். அளவு பார்த்தது எப்படி? தீக்குச்சி கிழித்து உள்ளே போட்டார்கள். பாதுகாப்புச் சாதனம்? ஒரு குவார்ட்டர் பாட்டில், ஒரு வாளி, ஒரு தாம்புக்கயிறு. இறங்கினதும் அழுகின முட்டை நாத்தம் அடித்ததாம், கொஞ்ச நேரத்தில் நாத்தமே இல்லையாம். "நாத்தம் போயிருச்சு, நல்லதுன்னு நெனச்சேன்டா" என்றார். நாற்றம் போகவில்லை மாமா. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். கயிறு இடுப்பில் இருந்ததால் இழுத்துப் போட்டார்கள், பிழைத்தார். இருமல் இன்னும் விடவில்லை. அந்த லாட்ஜின் வரவேற்பறையில் நாலைந்து சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. தொட்டிக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரை இப்படி இறக்குவதையே குற்றம் என்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். தவிர்க்கவே முடியாமல் இறக்கினால் என்னென்ன கருவி தர வேண்டும் என்று அதன் விதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட சாமான்களின் பட்டியல் இருக்கிறது. வாயு அளக்கும் கருவியும் அதில் உண்டு. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது.

பட்டியல் கப்பலுக்கும் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. வித்தியாசம் எங்கே? கப்பல் கிளம்புவதற்கு முன்னால் சட்டம் வந்து ஏணியில் ஏறுகிறது. நம்ம ஆள் செத்த பிறகு காசோலையோடு சட்டம் வீட்டுக்கு வருகிறது, அதுவும் நாம் போராடினால்தான். கப்பல் தொட்டியில் எந்தச் சாதிக்காரனும் இறங்கலாம். மலத்தொட்டியில் இறங்குகிறவன் யார் என்பதை இந்தச் சமூகம் பிறப்பிலேயே முடிவு செய்துவைத்திருக்கிறது. பிறப்பால் முடிவான சாவுக்கு முன்சோதனை எதற்கு என்பதுதான் இவர்களின் நியாயம்.

ஆகவே இழப்பீட்டுத் தொகையைக் கூட்டிக் கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. லாட்ஜுக்கு, ஆஸ்பத்திரிக்கு உரிமம் புதுப்பிக்கிறார்களே, அன்றைக்கே கேட்க வேண்டும்: உன் தொட்டியை எந்த வண்டி, எந்தத் தேதியில் உறிஞ்சியது? ரசீது எங்கே? வண்டி போக முடியாத சந்து என்றால் குழாயின் நீளம் என்ன? மனிதன் இறங்கவில்லை என்று கையெழுத்துப் போடுகிற அதிகாரி யார்? இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த கிராமசபைக்குப் போகிறோம். மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.